பனடோல் போட்டு அடக்கிய காய்ச்சல்

சென்னையில் புற்றுநோய்க்குக் கீமோ கொடுக்கும் வார்டில் நர்ஸாக இருக்கிறேன். யாழ்ப்பாணத்திலிருந்தும் மட்டக்களப்பிலிருந்தும் வருகிறவர்களுக்கு இங்கே மொழி ஒரு பிரச்சினை இல்லை. அதனாலேயே வந்திருப்பது வேறு நாடு என்பது மறந்துபோகிறது.

இரண்டாவது கீமோ முடிந்த பத்தாம் நாள் ஓர் அம்மா மகளின் தோளைப் பிடித்தபடி வந்தார். "இரவு காய்ச்சல் காஞ்சது பிள்ளை. பனடோல் ரெண்டு போட்டன், விட்டிட்டுது" என்றார். கையைத் தொட்டால் சில்லென்று இருந்தது. பிபி 80தான். ஐந்து நாள் ஐசியுவில் இருந்து பிழைத்தார். மகள் இரவெல்லாம் லாட்ஜில் விழித்திருந்திருக்கிறாள். ஊரில் என்றால் ஆம்புலன்ஸுக்கு 1990ஐ அழைத்திருப்பாள். இங்கே 108 என்று நாங்கள் யாரும் அவளுக்குச் சொல்லியிருக்கவில்லை. அது எங்கள் தவறு.

பெரும்பாலான கீமோ மருந்துகளில், போட்ட 7 முதல் 14 நாளுக்குள் கிருமியை எதிர்க்கும் வெள்ளை அணுக்கள் மிகவும் குறையும். சும்மா இருக்கிற நாள்தானே என்று கோயிலுக்கும் தி.நகருக்கும் கிளம்புவதும் அப்போதுதான். அந்த நாட்களில் 100.4 டிகிரி வந்தாலே அவசரம், நள்ளிரவானாலும் சரி. ஒரு மணி நேரத்துக்குள் ஆன்டிபயாட்டிக் நரம்பில் ஏற வேண்டும். பனடோல் காய்ச்சலை மறைக்கும், கிருமியை ஒன்றும் செய்யாது. தெர்மாமீட்டரில் பார்த்துவிட்டு, மாத்திரைக்கு முன் எங்களைக் கூப்பிடுங்கள்.

இப்போது ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஒரு தாள் எழுதிக் கொடுக்கிறேன்: வார்டின் இரவு எண், 108, லாட்ஜ் முகவரி, பக்கத்து அடையாளம். கதவின் உட்புறம் ஒட்டச் சொல்வேன். நான்காவது கீமோவுக்குப் பிறகு ஒருநாள் இரவு இரண்டு மணிக்கு அதே மகள் அழைத்தாள். "அக்கா, 100.6." இந்த முறை அம்மாவுக்கு ஐசியு தேவைப்படவில்லை.

மருந்துப் பெயரும் குழப்பும். இங்கே தரும் டோலோவும் குரோசினும் உங்கள் பனடோலும் எல்லாமே பாராசிட்டமால்தான். பனடோல் 500 மி.கி., டோலோ 650. வேறு வேறு மருந்து என்று நினைத்து இரண்டையும் விழுங்கினால் ஈரலுக்கு ஆபத்து. ஊரிலிருந்து கொண்டுவந்த மாத்திரை அட்டைகளை முதல் நாளே எங்கள் மேசையில் கொட்டிக் காட்டுங்கள்.

சாப்பாடு சூடாக, அப்போதே சமைத்ததாக இருக்கட்டும். காலையில் இடித்த சம்பல் இரவுக்கு வேண்டாம்.

அப்புறம் விசா. 21 நாளுக்கு ஒன்றாக ஆறு கீமோ என்றால் முதலாவதிலிருந்து கடைசி வரை 105 நாள். இ-மெடிக்கல் விசா 60 நாள்தான், நான்காவது கீமோவுக்கு முன்பே முடிந்துவிடும். நீட்டிப்புக்கு மருத்துவமனைக் கடிதம் வேண்டும். இரண்டாவது கீமோவுக்கு வரும்போதே கேட்டு வாங்குங்கள், உடன் இருப்பவருக்கும் சேர்த்து.