குளிர் தாங்கும் கமீலியா: சீட்டில் எழுதாத விஷயங்கள்

கமீலியா என்ற பூச்செடி பட்டுப்போய்விட்டது என்று யாராவது வந்தால், எந்த மாதம் நட்டீர்கள், தோட்டத்தில் எந்தப் பக்கம் நட்டீர்கள் என்றுதான் முதலில் கேட்பேன். எத்தனை டிகிரி குளிர் அடித்தது என்பதை அப்புறம் கேட்டுக்கொள்ளலாம். அநேகமாக, இலையுதிர்காலத்தில், கிழக்குச் சுவரை ஒட்டி என்று பதில் வரும். கன்றோடு வந்த சீட்டில் 'குளிர் தாங்கும்' என்று போட்டிருந்ததே என்பார்கள். அது வேரோடிய செடிக்குச் சரி. நட்டுச் சில வாரமே ஆன கன்றுக்கு அந்தச் சீட்டு எந்த உத்தரவாதமும் தராது.

குளிரைத் தாங்கும் கமீலியா என்று ஒரு வகையே உருவான கதையில் கடுங்குளிர்தான் தேர்வு நடத்தியது. 1970களின் இறுதியில் அடுத்தடுத்து வந்த கொடும் குளிர்காலங்கள், வாஷிங்டனில் உள்ள அமெரிக்க தேசியத் தாவரத் தோட்டத்தின் கமீலியாக்களில் பெரும்பாலானவற்றை அழித்துவிட்டன. அதிகச் சேதமில்லாமல் தப்பியது கமீலியா ஓலிஃபெரா. சீனாவில் விதையிலிருந்து எண்ணெய் எடுக்க வளர்க்கும் இனம். வாஷிங்டன் தோட்டத்தில் பணியாற்றிய வில்லியம் ஆக்கர்மன் அதை சசான்குவா போன்ற, இலையுதிர்காலத்தில் பூக்கும் இனங்களோடு கலந்து 'வின்டர்ஸ் ஸ்டார்', 'வின்டர்ஸ் ரோஸ்', 'போலார் ஐஸ்', 'ஸ்னோ ஃப்ளரி' போன்ற கலப்பினங்களைக் கொண்டுவந்தார். வட கரோலினாவில் கிளிஃபோர்ட் பார்க்ஸ் ஜப்பானிகா இனத்தில் வேலை செய்து 'ஏப்ரல் ஸ்னோ', 'ஏப்ரல் ரோஸ்', 'ஏப்ரல் ட்ரிஸ்ட்' என்ற வரிசையைத் தந்தார். அமெரிக்கக் குளிர் மண்டலக் கணக்கில் 6ஆம் மண்டலம் வரை இவற்றை முயன்று பார்க்கலாம். அதாவது, வழக்கமாக ஆண்டின் மிகக் குளிர்ந்த இரவு மைனஸ் 18 முதல் மைனஸ் 23 டிகிரி செல்சியஸ் வரை போகும் இடங்கள்.

இந்த இரண்டு வரிசைகளின் பூக்கும் காலத்தைக் கவனியுங்கள். ஒன்று கடுங்குளிர் வருவதற்கு முன்பே பூத்து முடிக்கப் பார்க்கும். மற்றது குளிர்காலம் முழுக்க மொட்டை இறுக்கி மூடி வைத்திருந்து, வசந்தத்தில்தான் திறக்கும். செடி உயிர் பிழைக்கும் குளிர் வேறு, மொட்டு பிழைக்கும் குளிர் வேறு. இலையும் கிளையும் பசுமையாக இருக்க, மொட்டு மட்டும் உள்ளே கருகியிருப்பதை அடிக்கடி பார்க்கிறேன். விரிந்த பூவுக்கு லேசான உறைபனியே போதும், பழுப்பாகிவிடும். அதனால் நடுக்குளிரில் பூக்கும் ரகம் எவ்வளவு அழகாக இருந்தாலும், கடுங்குளிர் பகுதியில் அதை வாங்க வேண்டாம் என்றே சொல்வேன்.

இனி இடம். கமீலியா இலை உதிர்க்காத செடி. மண் உறைந்து கிடக்கும் நாளிலும் வெயிலும் காற்றும் இலையிலிருந்து நீரை இழுத்துக்கொண்டே இருக்கும். வேரால் அதை ஈடுகட்ட முடியாது. குளிரில் செத்தது என்று நாம் சொல்லும் பல செடிகள் உண்மையில் தாகத்தில் செத்தவை. கிழக்குப் பக்கத்தில் இன்னொரு தொல்லையும் உண்டு. இரவெல்லாம் உறைந்த மொட்டின் மேல் காலை வெயில் நேராக விழுந்தால், அது சட்டென்று உருகித் திசுக்கள் சிதைந்துவிடும். மெதுவாக உருகினால் அதே மொட்டு பிழைத்திருக்கும். தெற்குச் சுவர் பகலில் சூடேறி, இரவில் செடியைத் திடீர்க் குளிரில் தள்ளும். அந்த ஏற்ற இறக்கத்தில் தண்டின் பட்டை வெடிப்பதுண்டு. வீட்டின் வடக்கு அல்லது மேற்குப் பக்கம், காற்று நேராக அடிக்காத மூலை, அல்லது உயரமான பைன் மரங்களின் விட்டுவிட்டு விழும் நிழல், இவைதான் என் தேர்வு.

குளிர்ப் பகுதியில் வசந்தத்தில் நடுங்கள், கடும் உறைபனி முடிந்த பிறகு. அப்போதுதான் வேர் பரவ ஒரு முழுக் கோடை கிடைக்கும். மண் லேசான அமிலத்தன்மையோடு இருக்க வேண்டும், பிஎச் 5.5 முதல் 6.5 வரை இருந்தால் நல்லது. தண்ணீர் தேங்கக் கூடாது. வேர்க்கட்டியின் மேல்பகுதி தரைமட்டத்துக்கு இரண்டு மூன்று சென்டிமீட்டர் மேலே நிற்கட்டும். ஆழமாக நட்டால் குளிருக்குப் பாதுகாப்பு என்று நினைப்பவர்கள் இருக்கிறார்கள். கமீலியாவுக்கு அது நேர் எதிர். வேர் மூச்சுமுட்டி அழுகும். மேலே பைன் ஊசி இலையோ மரப்பட்டைத் தூளோ 5 முதல் 8 சென்டிமீட்டர் மூடாக்குப் போடுங்கள், தண்டைத் தொடாமல்.

கோடையின் நடுவோடு உரத்தை நிறுத்திவிட வேண்டும். அதற்குப் பிறகு தழைச்சத்துக் கொடுத்தால் இளந்தளிர் கிளம்பும். அது முற்றுவதற்குள் குளிர் வந்துவிடும். ஆனால் தண்ணீரை நிறுத்தாதீர்கள். அடுத்த பருவத்தின் மொட்டுகள் கோடையில்தான் உருவாகின்றன, அப்போது மண் காய்ந்தால் பல மாதம் கழித்து மொட்டுகள் பொலபொலவென்று உதிரும். காரணம் யாருக்கும் நினைவிருக்காது. கவாத்து வேண்டுமென்றால், வசந்தத்தில் பூப்பவற்றைப் பூ முடிந்த கையோடு வெட்டுங்கள். இலையுதிர்காலத்தில் பூப்பவை வசந்தம் வரை காத்திருக்கட்டும். தரை உறைவதற்கு முன் ஒருமுறை ஆழமாகத் தண்ணீர் விடுங்கள். குளிர்காலப் பராமரிப்பில் ஒன்றே ஒன்றுதான் செய்ய முடியும் என்றால் இதைச் செய்யச் சொல்வேன்.

முதல் மூன்று குளிர்காலங்களுக்குத் தடுப்புக் கட்டுவது அவசியம். செடியைச் சுற்றி நான்கு கம்பு நட்டுக் கோணித் துணியைக் கட்டி, உள்ளே அடிப்பகுதியில் காய்ந்த இலைகளைப் போட்டால் போதும். பிளாஸ்டிக் தாள் வேண்டவே வேண்டாம், வெயிலில் உள்ளே வெந்துவிடும். தரையில் கிடக்கும் பனி வேருக்கு நல்ல போர்வை, அதை அகற்றாதீர்கள். கிளையில் கனமாகச் சேர்ந்தால் மட்டும் கையால் கீழிருந்து மெல்லத் தூக்கி உதிர்த்துவிடலாம். பனிக்கட்டியாக ஒட்டியிருந்தால் தட்டாமல் தானே உருக விடுங்கள்.

தொட்டியில் வளர்ப்பவர்களுக்குத் தனியாகச் சொல்ல வேண்டும். கமீலியாவின் வேர், கிளையைவிடக் குளிருக்குப் பலவீனமானது. நிலத்தில் மண் அதைக் காக்கும், தொட்டியில் நாலாபுறமும் குளிர் தாக்கும். கடுங்குளிர் நாட்களில் வெப்பமூட்டாத கொட்டகைக்குள் நகர்த்துங்கள். சூடான, வறண்ட வீட்டறைக்குள் கொண்டுபோனால் மொட்டுகள் கொட்டிவிடும்.

வசந்தத்தில் இலையெல்லாம் பழுப்பாகிக் கிடக்கும் செடியைப் பிடுங்கி எறிய அவசரப்படாதீர்கள். தண்டை நகத்தால் லேசாகக் கீறிப் பாருங்கள், பச்சை தெரிந்தால் உயிர் இருக்கிறது. கோடை தொடங்கும் வரை பொறுத்திருந்து, துளிர் எங்கே வருகிறது என்று பார்த்தபின் காய்ந்ததை வெட்டுங்கள். அடியிலிருந்து துளிர்த்தால், அது ஒட்டுக்குக் கீழே இருந்து வருகிறதா என்று கவனியுங்கள். அப்படி வந்தால் அது நீங்கள் வாங்கிய ரகமாக இருக்காது, ஒட்டுக்கட்டிய அடிச்செடிதான் தலையெடுக்கிறது. குளிர்ப் பகுதிக்குச் சொந்த வேரில் வளர்ந்த கன்றைக் கேட்டு வாங்கச் சொல்வது இதனால்தான்.

பூவில் வரும் பழுப்பு எல்லாமே உறைபனியால்தான் வருகிறது என்றில்லை. இதழ் ஓரம் கருகினால் பெரும்பாலும் குளிர். புள்ளியாகத் தொடங்கி முழுப் பூவுக்கும் பரவி, பூவின் அடிப்பக்கம் சாம்பல் நிறப் பூஞ்சை வளையம் தெரிந்தால் அது இதழ் கருகல் நோய். அதன் பூஞ்சை மண்ணில் பல ஆண்டுகள் தூங்கிக் கிடக்கக்கூடியது. உதிர்ந்த பூக்களை ஒன்றுவிடாமல் பொறுக்கி அப்புறப்படுத்துங்கள். உரக்குழியில் போட வேண்டாம். இந்தப் பூஞ்சை வித்துகளைப் பரப்புவது குளிர்காலத்தின் பிற்பகுதியிலும் வசந்தத்திலும்தான் என்பதால், இலையுதிர்காலத்தில் பூக்கும் ரகங்கள் இதில் அதிகம் மாட்டுவதில்லை.