பாவாடை நாடாவுக்குக் கீழே ஒரு கறுப்புப் பொருக்கு

ஐப்பசி பிறந்தால் மாசி முடியும்வரை வேலூர், திருவண்ணாமலைப் பக்கத்தில் மருத்துவம் பார்ப்பவர்களுக்குக் காய்ச்சல் காலம். அப்படியொரு மார்கழிக் காலையில் நாற்பத்தைந்து வயதுப் பெண்மணி ஒருவரை அவருடைய மகன் கைத்தாங்கலாக அழைத்து வந்தான். ஒன்பது நாளாகக் காய்ச்சல். மகன் கையில் மஞ்சள் பை, அதற்குள் மூன்று இடத்துச் சீட்டுகள். முதல் இடத்தில் ஓர் ஊசி போட்டு அனுப்பியிருந்தார்கள். அடுத்த இடத்தில் வைடால் சோதனை செய்து, டைபாய்டு என்று சொல்லி, ஐந்து நாள் செஃப்ட்ரியாக்சோன் என்ற கிருமிக்கொல்லி மருந்தை ஏற்றியிருந்தார்கள். மூன்றாவது இடத்தில் தட்டணுக்கள் குறைந்திருப்பதைப் பார்த்து டெங்குவா என்று சோதித்திருந்தார்கள். இல்லை என்று வந்திருந்தது. வீட்டில் பப்பாளி இலைச் சாறும் கொடுத்துப் பார்த்துவிட்டார்கள். காய்ச்சல் மட்டும் இறங்கவில்லை. அன்று விடியற்காலையிலிருந்து மூச்சும் வாங்கியது.

"என்ன வேலைம்மா பாக்கறீங்க?"

"நூறு நாள் வேலைதாங்க சார். ஏரிக்கரையில புதர் வெட்டினோம்."

"எப்போ?"

"ரெண்டு வாரம் இருக்கும் சார்."

சிஸ்டரைக் கூப்பிட்டு, திரையை இழுத்துவிட்டு, தலைமுதல் கால்வரை பார்க்கச் சொன்னேன். இடுப்பின் பின்பக்கம், பாவாடை நாடா இறுகும் இடத்தில், துவரம்பருப்பு அளவுக்குக் கறுப்பாக ஒரு பொருக்கு இருந்தது. பீடி நெருப்பால் சுட்டதுபோல, சுற்றிலும் மெல்லிய சிவப்பு வளையம். "நாடா உரசிப் புண்ணாயிருக்கும்னு விட்டுட்டேன் சார். வலியும் இல்ல, அரிப்பும் இல்ல" என்றார். மூன்று இடங்களில் யாரும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. நாடா உரசிய இடத்தை டாக்டரிடம் போய்க் காட்டுவார்களா என்ன?

இதுதான் ஸ்க்ரப் டைபஸ். தமிழில் உண்ணிக் காய்ச்சல் என்கிறோம். அந்தப் பெயரில் எனக்கு ஒரு வருத்தம் உண்டு. உண்ணி என்றதும் நாயின் காதில் தொங்கும் உண்ணியும் மாட்டு மடியில் ஒட்டியிருக்கும் உண்ணியும்தான் நம் நினைவுக்கு வரும். நோயைச் சொன்ன மறுநாளே நாயைக் குளிப்பாட்டி மருந்து போட்டுவிட்டு நிம்மதியாக வந்த குடும்பங்களைப் பார்த்திருக்கிறேன். இதைப் பரப்புவது அந்த உண்ணி அல்ல. அரை மில்லிமீட்டர்கூட இல்லாத ஒரு சிற்றுண்ணியின் குஞ்சு, அதாவது ஆறு கால் உள்ள இளம்புழு. மழைவிட்ட மறுநாள் செம்மண்ணில் ஊரும் சிவப்பு வெல்வெட் பூச்சியைச் சிறுவயதில் தீப்பெட்டியில் அடைத்து வைத்திருப்போமே, சங்கப் பாடல்களில் மூதாய் என்று வருமே, அதற்கு இது தூரத்துச் சொந்தம். மூதாய் நம்மை ஒன்றும் செய்யாது. இந்தச் சொந்தக்காரர் அப்படியில்லை.

இந்தச் சிற்றுண்ணி வளர்ந்தபின் மண்ணில் கிடந்து மற்றப் பூச்சிகளின் முட்டைகளைத் தின்று பிழைக்கும். வாழ்நாளில் ஒரே ஒருமுறை, குஞ்சாக இருக்கும்போது மட்டும், உயிருள்ள உடம்பு அதற்குத் தேவை. புல் நுனியிலும் சருகிலும் காத்திருந்து, வழியில் வரும் எலியின் மீது ஏறும். எலி இல்லாதபோது நம் கால் கிடைத்தால் அதுவும் சரி. மேலே ஊர்ந்து போய், துணி இறுகும் இடமாகப் பார்த்து ஒட்டிக்கொள்ளும்: இடுப்பு, அக்குள், தொடையிடுக்கு, மார்புக்குக் கீழ், குழந்தைகளுக்குக் காதின் பின்புறம். கடித்தது தெரியவே தெரியாது. கடித்த இடம்தான் பிறகு அந்தக் கறுப்புப் பொருக்காகிறது. ஒரே முறைதான் உண்ணும் என்றால் அதற்குக் கிருமி எங்கிருந்து வந்தது? தாயிடமிருந்து, முட்டை வழியாக. தலைமுறை தலைமுறையாகக் கிருமி அந்தச் சிற்றுண்ணிக் குடும்பத்துக்குள்ளேயே குடியிருக்கிறது. எலி அதற்குச் சோறு போடும் வீடு, அவ்வளவுதான். அதனால்தான் புதர், எலி, ஈரம் மூன்றும் சேர்ந்த ஒரு துண்டு நிலத்தில் ஆண்டுதோறும் நோய் வருகிறது, பக்கத்துத் தெருவில் வருவதில்லை. காடுகரை என்றில்லை. பிளாட் போட்டு விற்று, வீடு கட்டாமல் விட்டு, புல் மண்டி, குப்பை கொட்டி, எலி பெருகிய புறநகர் மனைகளும் போதும்.

கிருமியின் பெயர் ஒரியன்ஷியா சுட்சுகாமுஷி. முஷி என்றால் ஜப்பானிய மொழியில் பூச்சி. ஜப்பானிலிருந்து வட ஆஸ்திரேலியா, பாகிஸ்தான் வரை விரிந்த ஒரு பெரிய முக்கோணத்துக்குள்தான் பெரும்பாலும் இந்த நோய் இருக்கிறது, நாமும் அதற்குள் இருக்கிறோம். இரண்டாம் உலகப் போரில் பர்மாக் காடுகளில் ஏராளமான சிப்பாய்களைப் படுக்கவைத்தது இதுதான். அப்போது மருந்து கிடையாது. 1948இல் கோலாலம்பூரில் ஜோசப் ஸ்மேடல் குழுவினர் குளோரம்ஃபெனிக்கால் கொடுத்துப் பார்த்தபோதுதான் முதன்முதலாக இந்தக் காய்ச்சல் மருந்துக்குக் கட்டுப்பட்டது.

சரி, ஐந்து நாள் ஏற்றிய செஃப்ட்ரியாக்சோன் ஏன் கேட்கவில்லை? அது விலை கூடிய மருந்தாயிற்றே என்று மகன் கேட்டான். நியாயமான கேள்வி. பென்சிலினும் செஃப்ட்ரியாக்சோனும் கிருமி தன்னைச் சுற்றிக் கட்டும் சுவரை இடிக்கிற மருந்துகள். இந்தக் கிருமிக்கு அப்படி இடிக்கும்படியான சுவர் கிடையாது. போதாததற்கு, நம் இரத்தக் குழாய்களின் உட்பூச்சாக இருக்கும் செல்களுக்குள் புகுந்து குடியிருக்கிறது. இரத்தத்தை எடுத்து, கிருமியை வளர்த்துப் பார்க்கும் கல்ச்சர் வைத்தாலும் வளராது, 'வளர்ச்சி இல்லை' என்றே ரிப்போர்ட் வரும். உள்ளே குழாய் கசிய ஆரம்பிக்கும். நுரையீரலில் கசிந்தால் மூச்சுத் திணறல், மூளையுறையில் என்றால் தலைவலியும் குழப்பமும், சிறுநீரகத்தில் என்றால் சிறுநீர் குறையும். தட்டணுவும் விழும், அதனால்தான் டெங்குவோடு குழம்புகிறது. வைடாலைப் பொறுத்தவரை, டைபாய்டு சகஜமாக உள்ள ஊரில் ஒரே ஒரு வைடால் சோதனையை நம்பி மருந்து ஏற்றுவதை நாம் என்றைக்கோ விட்டிருக்க வேண்டும்.

கேட்கிற மருந்து டாக்ஸிசைக்ளின். ஒரு மாத்திரை சில ரூபாய்தான். கர்ப்பிணிகளுக்கு அஸித்ரோமைசின். நேரத்தோடு ஆரம்பித்தால் பெரும்பாலானவர்களுக்கு இரண்டு நாளில் காய்ச்சல் விடும். முற்றிப்போனவர்களுக்கு எது நல்லது என்பதில் நெடுநாள் குழப்பம் இருந்தது. வேலூர் சிஎம்சி (கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி) முன்னின்று இந்தியாவின் ஏழு மருத்துவமனைகளில் சுமார் 800 நோயாளிகளிடம் நடத்திய ஆய்வு 2023இல் வெளிவந்தது. இரண்டு மருந்துகளையும் சேர்த்து நரம்பு வழியாகக் கொடுத்தால், தனித்தனியே கொடுப்பதைவிட நோயாளிகள் நன்றாகத் தேறுகிறார்கள் என்று காட்டியது. உலகம் முழுக்க இந்த நோய்க்கு எழுதும் சீட்டு நம் பக்கத்து ஊரில் திருத்தப்பட்டதில் எனக்குக் கொஞ்சம் பெருமை உண்டு.

மற்றவர்கள் தவறவிட்டதையே சொல்லிக்கொண்டிருந்தால் நியாயமாகாது. படித்து முடித்த புதிதில் ஒரு பெரியவரை நான் நான்கு நாள் பார்த்தேன். நிமோனியா என்று முடிவுகட்டி, அதற்கான ஊசியை மாற்றி மாற்றிப் போட்டேன். வேட்டியை அவிழ்க்கச் சொல்லக் கூச்சம், அவருக்கும் கூச்சம். ஐந்தாம் நாள் பெரிய மருத்துவமனைக்கு அனுப்பினோம். தொடையிடுக்கில் புண் இருந்ததாம், அங்கிருந்து போனில் சொன்னார்கள். அவர் திரும்பவில்லை. அன்றிலிருந்து மழைக்காலக் காய்ச்சல் யாருக்கு வந்தாலும் திரை இழுக்காமல் நான் சீட்டு எழுதுவதில்லை. ஆனால் பொருக்கு எல்லோருக்கும் இருப்பதில்லை. அக்குள் போன்ற ஈரமான இடத்தில் கறுக்காமல் வெறும் புண்ணாகவே இருக்கும். நம் நிறத்தில் தோல் தடிப்பும் சட்டெனத் தெரியாது. கிருமிக்கு எதிராக உடம்பு உண்டாக்கும் எதிர்ப்பொருளை இரத்தத்தில் தேடும் ஐஜிஎம் எலிசா சோதனை உண்டு, முதல் சில நாளில் அதுவும் ஏமாற்றலாம். ஆகவே சந்தேகம் வலுவாக இருந்தால் ரிப்போர்ட்டுக்குக் காத்திருக்காமல் மருந்தைத் தொடங்குவோம். இதைப் படித்துவிட்டு மெடிக்கலில் நீங்களாக வாங்கிப் போட்டுக்கொள்ளாதீர்கள். டாக்டரிடம் இரண்டு விஷயம் சொல்லுங்கள், அது போதும்: கடந்த மூன்று வாரத்தில் எங்கே புல்லிலும் புதரிலும் இருந்தீர்கள், உடம்பில் எங்கே புதிதாகப் புண் இருக்கிறது.

தடுப்பூசி இல்லை. ஆளுக்கு ஆள் ஒட்டாது, அதனால் தனித்தட்டு, தனிப்பாய் எதுவும் வேண்டாம். வரப்பு வேலையோ புதர் வேலையோ முடிந்து வந்ததும் அன்றைக்கே தேய்த்துக் குளித்து, போட்டிருந்ததை எல்லாம் வெந்நீரில் துவைப்பது நல்லது. வேலியிலும் செடியிலும் துணி உலர்த்தாதீர்கள், கொடி கட்டிக்கொள்ளுங்கள். புல் தரையில் அப்படியே உட்காராமல் ஒரு சாக்கை விரித்துக்கொள்ளுங்கள். வீட்டைச் சுற்றிப் புல்லை ஒட்ட வெட்டி, எலிக்குத் தீனி போடும் குப்பையை அகற்றினால் பாதி வேலை முடிந்தது.

அந்தப் பெண்மணிக்கு நான்கு நாள் ஆக்சிஜன் தேவைப்பட்டது. மூன்றாம் நாளே காய்ச்சல் விட்டுவிட்டது. இரண்டு வாரம் கழித்து மறுபார்வைக்கு வந்தவர் கூடவே தன் கேங்கில் வேலை பார்க்கும் இன்னொரு பெண்ணையும் இழுத்து வந்திருந்தார். "சார், இவளுக்கும் இடுப்புல இருக்கு, பாருங்க. காய்ச்சல் இல்லன்றா, நான்தான் விடல." சிஸ்டர் திரைக்குப் பின்னால் பார்த்துவிட்டுச் சிரித்துக்கொண்டே வந்தார்.

அது நாடா உரசியதுதான்.