ஒழுங்காற்று மரபணு

தர்மபுரியில் உயிரித் தொழில்நுட்பம் படிக்கும் அக்கா மகள் நோட்டும் கையுமாக வந்து, "மாமா, ரெகுலேட்டரி ஜீனுக்குத் தமிழில் என்ன?" என்றாள். மற்ற ஜீன்களின் வேலையைக் கூட்டியும் குறைத்தும் நடத்துபவை அவை. எச்.ஐ.வி. சப்டைப்களில், அதாவது அந்த வைரஸின் கிளைகளில், அந்த ஜீன்கள் எப்படி மாறுபடுகின்றன என்று வகுப்பில் தமிழில் பேச வேண்டுமாம். 'ஒழுங்குமுறை மரபணு' என்று அவளே எழுதி வைத்திருந்தாள். எனக்கு உடனே மஞ்சள் மூட்டையும் ஏலமுமாக ஒழுங்குமுறை விற்பனைக்கூடம்தான் கண்முன் வந்தது.

ஜீன் என்பது டென்மார்க்கின் வில்ஹெல்ம் யோஹான்சன் 1909-இல் புழக்கத்துக்கு விட்ட சொல். பிறப்பையும் குலத்தையும் குறிக்கும் கிரேக்க வேர். நம் 'மரபணு' அதற்குச் சரியாகவே பொருந்துகிறது. 'அணு'வை மட்டும் இயற்பியல்காரர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். சிக்கல் முன்னால் நிற்கும் ரெகுலேட்டரில்தான். லத்தீனில் 'ரெகுலா' என்றால் கோடு போடும் நேர்கட்டை. அதிலிருந்து விதி, அப்புறம் விதிப்படி நடத்துவது. நமக்கோ அது ஃபேன் திருகும் குமிழ்.

சிலர் 'கட்டுப்பாட்டு மரபணு' என்கிறார்கள். அது ஆகவே ஆகாது. எச்.ஐ.வி.-யின் முழு மரபணுத்தொகுப்பு ஏறக்குறைய 9,700 வேதி எழுத்து நீளம், ஒன்பது மரபணுக்கள். அவற்றில் டாட், ரெவ் இரண்டும்தான் நாம் பேசும் வகை. டாட் புரதம் இல்லாவிட்டால் வைரஸின் மரபுச் செய்தியை ஆர்.என்.ஏ. நகலாகப் படியெடுப்பது தொடங்கிய சற்று நேரத்திலேயே நின்றுவிடும்; பழைய மதகில் கசியும் தண்ணீர் மாதிரி துண்டு துண்டாகத்தான் வரும். டாட் வந்ததும் ஷட்டர் மேலே ஏறும், வெள்ளமாகப் பாயும். ரெவ், வெட்டுப்படாத நீண்ட ஆர்.என்.ஏ.-க்களை உட்கருவிலிருந்து வெளியே கடத்திவிடும். இதில் எங்கே கட்டுப்பாடு?

திறப்பதும் அடைப்பதும் ஒரே சொல்லில் வர வேண்டும். அந்தச் சொல் நம் ஊர் செய்தியிலேயே தினமும் அடிபடுகிறது: காவிரி நீர் ஒழுங்காற்றுக் குழு. பிலிகுண்டுலுவில் இத்தனை கன அடி என்று கேட்டுப் பழகிய ஒகேனக்கல் பக்கத்துக்காரருக்கு 'ஒழுங்காற்று' என்றால் விளக்கமே வேண்டாம். ஒழுங்கு, ஒழுகு என்பதோடு உறவுள்ள சொல். ஒழுகு என்றால் வழிந்தோடுவது, வழிப்படி நடப்பது. 'ஆற்று' இங்கே ஆறு இல்லை, செய்தல். ஆனாலும் ஆறாகவே காதில் விழுவதில் எனக்கு ஒரு சந்தோஷம். ஆக, ஒழுங்காற்று மரபணு.

இனி சப்டைப். எச்.ஐ.வி.-யில் பெரிய வகையான எச்.ஐ.வி.-1-இல், அதிகம் பரவிய எம் குழுவுக்குள் ஏ, பி, சி என்று போகிறது. இந்தியாவில் பெரும்பாலும் சி. உலகத் தொற்றிலும் ஏறக்குறைய பாதி அதுதான். டாட் புரதத்தின் 31-ஆவது இடத்தில் மற்றவற்றில் பொதுவாக சிஸ்டீன் இருக்க, சி-யில் செரின். புரதச் சங்கிலியில் ஒரே ஒரு கண்ணி, ஓர் அமினோ அமிலம்தான். ஆனால் இரத்தத்தின் மோனோசைட் என்ற வெள்ளணுக்களை இழுக்கும் திறன் இதனால் குறைகிறது என்று பெங்களூரு ஜவஹர்லால் நேரு ஆய்வு மையத்தினர் 2004-இல் காட்டினார்கள். பெரும்பாலும் அந்தச் செல்கள் வழியாக வைரஸ் மூளைக்குள் நுழைகிறது என்பதால் இது சின்ன விஷயம் இல்லை. சி-யின் ரெவ் புரதமும் வால் குட்டையானது. முற்றுப்புள்ளி முன்கூட்டியே விழுந்துவிடுகிறது.

"அப்போ சப்டைப், துணைவகைதானே மாமா?" என்றாள். துணை ஆட்சியர் போல எதற்கும் கீழே நின்று உதவுவதில்லையே சி. பட்டாவைப் பார்: சர்வே எண்ணுக்குள் பிரித்த நிலத்துக்கு உட்பிரிவு என்றுதான் போட்டிருக்கும், அதையே வை என்றேன். தவிர, நெஃப், விஃப், விபிஆர், விபியூ என்று நான்கு மரபணுக்கள் நிஜமாகவே துணை வேலை பார்க்கின்றன. 'துணை'யை அவற்றுக்கு விட்டுவைக்க வேண்டும்.

அவள் நோட்டில் துணைவகை என்று இருந்த இடத்தையெல்லாம் அடித்து உட்பிரிவு என்று மாற்றினாள். அந்த நான்கு பெயர்களுக்கு முன்னால் மட்டும் 'துணை' என்று புதிதாக எழுதிக்கொண்டாள்.