ஒன்பது நெருப்புப்பெட்டிகள் ஆடப் பழகிய விதம்

கிளிநொச்சியில் ஒரு பாடசாலை மண்டபத்தில் அறிவியல் கண்காட்சி. செயற்கை நுண்ணறிவை விளக்க எங்களுக்கு ஒரு மேசை தந்திருந்தார்கள். மேசையில் கணினி வைக்கவில்லை. ஒன்பது நெருப்புப்பெட்டி, பத்து ஈர்க்குத் துண்டு, ஒரு பை பாசிமணி, அவ்வளவுதான். பேத்தியோடு வந்த ஓர் அம்மா குனிந்து பார்த்துவிட்டு, "தம்பி, உந்தப் பெட்டிக்கு வெல்லுறது எப்பிடித் தெரியும்?" என்று கேட்டார். கூட்டத்துக்கு நடுவே அரைகுறையாகத்தான் பதில் சொல்ல முடிந்தது. இப்போது முழுதாகச் சொல்கிறேன்.

ஆட்டம் எளிது. பத்து ஈர்க்கை வைத்து, இருவர் மாறிமாறி ஒன்றோ இரண்டோ எடுக்க வேண்டும். கடைசி ஈர்க்கை எடுப்பவருக்கு வெற்றி. முதலில் எடுப்பது எப்போதும் பெட்டிதான். எத்தனை ஈர்க்கு மிச்சமோ அந்த எண் எழுதிய பெட்டியைக் குலுக்கி, பார்க்காமல் ஒரு மணி எடுப்போம். சிவப்பு வந்தால் ஒன்று எடு, மஞ்சள் வந்தால் இரண்டு எடு. 10ஆம் பெட்டியில் ஒவ்வொரு நிறத்திலும் எட்டு மணி, மற்றவற்றில் நான்கு. 1ஆம் பெட்டியில் சிவப்பு மட்டும். ஒன்பது ஈர்க்கு மிச்சமிருக்கையில் பெட்டியின் முறை ஒருபோதும் வராது, அதனால் 9ஆம் பெட்டியைச் செய்யவே இல்லை. (முதலில் மஞ்சாடியும் சோளமும்தான் போட்டிருந்தோம். எது எது என்று பிள்ளைகளின் விரல்கள் கண்டுபிடித்துவிட்டன. பிறகுதான் கடைக்குப் போய் ஒரே அளவு மணி வாங்கி வந்தோம்.)

பெட்டி வென்றால், அந்த ஆட்டத்தில் எடுத்த மணிகள் எல்லாம் தத்தம் பெட்டிக்குத் திரும்பும். கூடவே அதே நிறத்தில் இன்னொன்றும் சேரும். தோற்றால் எடுத்த மணி எதுவும் திரும்பாது. எடுக்க மணியே இல்லாத பெட்டி தோல்வியை ஒப்புக்கொள்ளும். இதற்குமேல் விதி இல்லை.

இது என் கண்டுபிடிப்பு அல்ல. இரண்டாம் உலகப் போரில் எதிரிகளின் இரகசியச் செய்திகளை உடைத்த பிரித்தானிய நிலையமான பிளெட்ச்லி பார்க்கில், கணினியியல் முன்னோடி அலன் டூரிங்கோடு வேலை செய்த டொனால்ட் மிச்சி, 1961இல் 304 நெருப்புப்பெட்டிகளைக் கொண்டு வட்டமும் புள்ளடியும் போடும் ஆட்டத்துக்கு இப்படி ஒரு பொறி செய்தார். அப்போது அவர் கையில் கணினி இல்லை.

சரி, எனக்கு மிகவும் பிடித்த இடத்துக்கு வருகிறேன். தோற்றது மொத்த ஆட்டம். பிழை எந்தப் பெட்டியில்? அது யாருக்கும் தெரியாது, எல்லாப் பெட்டிக்கும் அடி விழுகிறது. 10ஆம் பெட்டி நல்ல நகர்வுதான் செய்திருக்கும், கடைசியில் 2ஆம் பெட்டி சொதப்பியிருக்கும், இரண்டும் மணியை இழக்கும். இது அநியாயம். அப்படியிருக்க இது எப்படித்தான் பழகுகிறது?

கடைசியிலிருந்து பாருங்கள். இரண்டு ஈர்க்கு மிச்சமிருக்கையில் மஞ்சள் வந்தால் உடனே வெற்றி, சிவப்பு வந்தால் கட்டாயத் தோல்வி. இங்கே குழப்பமே இல்லை. ஆகவே 2ஆம் பெட்டியில் சிவப்பு விரைவில் தீர்ந்துவிடும். அது திருந்தியதும், இதுவரை அதன் பிழைக்காக அடி வாங்கிய 4ஆம் பெட்டிக்கு நீதி கிடைக்கிறது. ஒன்றை எடுத்து எதிராளிக்கு மூன்றை விட்டால் இனி வெற்றிதான், அங்கே சிவப்பு பெருகத் தொடங்கும். 3ஆம் பெட்டியின் கதை வேறு. எதிராளி கவனமாக ஆடினால் எந்த நிறமும் உதவாது, பெட்டி வெறுமையாகும். அந்த வெறுமையும் அறிவுதான்: "இங்கே வந்தால் பிழைக்க முடியாது." அதற்குப் பிறகு, அங்கே கொண்டுபோய் விடுகிற முந்தைய பெட்டிகள் மணி இழக்கும். வயலின் கடைசிப் பாத்தியிலிருந்து தண்ணீர் பின்னோக்கி ஏறுவதைப் போல, பாடம் முடிவிலிருந்து தொடக்கத்துக்கு ஊறி வருகிறது. 10ஆம் பெட்டி கடைசியாகத்தான் தெளிவடையும். ஒவ்வொரு ஆட்டத்திலும் அதற்கு வேலை இருப்பதால் அநியாய அடியும் அதற்கே அதிகம். அதில் மணிகளைக் கூட்டிப் போட்டது அதனால்தான். மிச்சியும் தொடக்கப் பெட்டிகளில் ஒவ்வொரு நிறத்துக்கும் நான்கு மணி, கடைசிப் பெட்டிகளில் ஒன்று என்றுதான் வைத்தார்.

யாருக்கு எவ்வளவு பொறுப்பு என்ற இந்தச் சிக்கலை, செயற்கை நுண்ணறிவின் முன்னோடிகளில் ஒருவரான மார்வின் மின்ஸ்கி 1961இலேயே பெயரிட்டு எழுதினார். 2016இல் கோ என்ற பலகை ஆட்டத்தில் கொரிய வீரர் லீ செடோலை 4க்கு 1 என்று வென்ற கணினி நிரல் ஆல்பாகோவும் இதே சிக்கலோடுதான் மல்லுக்கட்டியது, மணிகளுக்குப் பதில் அங்கே இலட்சக்கணக்கான எண்கள். போனில் கேள்வி கேட்டால் பதில் எழுதும் செயலிகள் முதலில் அடுத்த சொல்லை ஊகிக்கப் பழகியவை. பிறகு நல்ல பதிலுக்குப் பரிசு என்ற முறையில் திருத்தப்பட்டவை.

அந்த அம்மாவின் கேள்விக்குப் பதில் இதுதான்: பெட்டிக்கு வெற்றி என்றால் என்னவென்று தெரியாது. அது பட்ட அனுபவம் முழுவதும் மணிகளின் எண்ணிக்கையாக உள்ளே கிடக்கிறது. இது ராசியான பெட்டி என்று ஒரு பையன் அடித்துச் சொன்னான். மணிகளைக் கொட்டி எண்ணிக் காட்டிய பிறகுதான் சமாதானமானான். செயற்கை நுண்ணறிவு சாதகம் பார்க்கிறது என்று சொல்லிக் காசு வாங்குகிறார்களே, எனக்கு அதைக் கேட்டாலே கோபம் வருகிறது. உள்ளே எண்ணிப் பார்க்க என்ன இருக்கிறது என்று அவர்களிடம் கேளுங்கள்.

கண்காட்சிகளுக்குப் பேசும் பொம்மைகளைக் கொண்டுவந்து நிறுத்துவதிலும் எனக்கு உடன்பாடில்லை. பிள்ளைகள் வாய்பிளந்து பார்ப்பார்கள், உள்ளே நடப்பது ஒன்றும் பிடிபடாமல் வீட்டுக்குப் போவார்கள். கிளிநொச்சியின் அறிவியல் நகர் என்ற இடத்தில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பொறியியல் பீடம் இருக்கிறது. வவுனியாவில் 2021 முதல் தனிப் பல்கலைக்கழகமே இருக்கிறது. அங்கே படிக்கும் பிள்ளைகள் ஒரு பை நெருப்புப்பெட்டியோடு துணுக்காய்க்கும் ஒட்டுசுட்டானுக்கும் போய்வர பஸ் காசு கொடுத்தால் போதும். ஆராய்ச்சிக்கு ஒதுக்கும் பணத்தில் அதற்கும் ஒரு பங்கு வேண்டும்.

பின்னேரம் பெட்டிகளை மூடப்போன நேரத்தில், ஒன்பதாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தி எல்லாவற்றையும் திறந்து வரிசையாக அடுக்கினாள். 4, 7, 10இல் சிவப்பு நிறைந்திருந்தது. 2, 5, 8இல் மஞ்சள். 3 வெறுமை, 6இல் இரண்டே மணி. மூன்றாம் வாய்ப்பாட்டை நாங்கள் பெட்டிகளுக்குச் சொல்லிக் கொடுக்கவே இல்லை. அவள் 8க்கும் 10க்கும் நடுவே விரலை வைத்து, "9ஆம் பெட்டி செய்து, அதையும் ஆட விட்டிருந்தால் அதுவும் வெறுமையாகியிருக்கும், என்ன சேர்?" என்றாள்.