மெத்தென்று இருந்தால் சொகுசு ஆகிவிடுமா?

கார் வாங்கப் போகிறேன் என்று சொன்னதும் சுற்றியிருப்பவர்கள் கேட்கும் முதல் கேள்வி: சொகுசாக இருக்க வேண்டுமா, இல்லை ஓட்ட ஜாலியாக இருக்க வேண்டுமா? ஒன்று ஏறினால் மற்றது இறங்கியே தீரும் என்ற நினைப்பு எல்லோருக்கும் இருக்கிறது. பந்தயத்துக்குச் செய்த கார் முதுகை உடைக்கும், சொகுசுக் கார் திருப்பத்தில் தள்ளாடும், ஆகவே நடுவில் எங்கேயாவது ஒத்துப்போக வேண்டியதுதான் என்று முடிவு கட்டிவிடுகிறோம். பந்தயத் தளத்துக்கு அது சரி. ஆனால் தினமும் வேலைக்குப் போய்வரும் வேகத்தில், மேடும் பள்ளமும் உள்ள சாதாரணச் சாலையில், இரண்டு சுகமும் பெரும்பாலும் ஒரே உறுப்புகளிலிருந்துதான் வருகின்றன. ஷாக் அப்சார்பர், டயர், சீட், ஸ்டியரிங். இவை நன்றாக அமைந்த காரில் இரண்டும் சேர்ந்தே கிடைக்கும். அமையாத காரில் இரண்டும் சேர்ந்தே போய்விடும்.

முதலில் நம் உடம்பைப் பார்ப்போம். நடக்கும்போது நம் தலை விநாடிக்கு ஏறக்குறைய 2 முறை மேலும் கீழும் போய்வருகிறது. பழகிப்போனதால் அது நமக்குத் தெரிவதே இல்லை. ஆனால் விநாடிக்கு 4 முதல் 8 முறை, அதாவது 4 முதல் 8 ஹெர்ட்ஸ் வரை வரும் மேல்கீழ் அதிர்வு உடம்புக்கு ஆகவே ஆகாது. முதுகுத்தண்டும் வயிற்று உறுப்புகளும் அந்த வேகத்தில் தாமே சேர்ந்து அதிரத் தொடங்கிவிடும். இன்னொரு பக்கம், 0.5 ஹெர்ட்ஸுக்கும் கீழே போனால் குமட்டல் வரும். கப்பலில் பலருக்கு வயிற்றைப் புரட்டுவது இந்த மெதுவான ஆட்டம்தான். இந்த இரண்டுக்கும் நடுவில் இருக்கும் சந்தில்தான் கார் பொறியாளர் தன் வேலையைச் செய்ய வேண்டும். சாதாரணக் கார்களின் உடற்பகுதி ஸ்பிரிங் மீது 1 முதல் 1.5 ஹெர்ட்ஸ் அளவில் ஆடும்படி அமைக்கப்படுவது அதனால்தான்.

இதில் ஓர் அழகான கணக்கு இருக்கிறது. காரின் எடையால் ஸ்பிரிங் எவ்வளவு அமுங்கி நிற்கிறதோ, அந்த ஒரே அளவு அதன் அதிர்வெண்ணைச் சொல்லிவிடும். 1 ஹெர்ட்ஸ் வேண்டுமென்றால் ஸ்பிரிங் 25 செ.மீ. அமுங்கியிருக்க வேண்டும். 1.5 ஹெர்ட்ஸுக்கு 11 செ.மீ. போதும், 2 ஹெர்ட்ஸுக்கு 6 செ.மீ. மெத்தென்ற காருக்கு சக்கரம் மேலும் கீழும் நிறைய தூரம் போய்வர இடம் வேண்டும் என்பது இதிலிருந்தே தெரிகிறது. இடத்தைக் கொடுக்காமல் ஸ்பிரிங்கை மட்டும் மென்மையாக்கினால், கொஞ்சம் பெரிய பள்ளம் வந்ததும் சஸ்பென்ஷன், அதாவது ஸ்பிரிங்கும் ஷாக் அப்சார்பரும் சேர்ந்த தாங்கும் அமைப்பு, அடிமட்டத்தில் போய் ‘டொக்’ என்று முட்டும்.

சரி, ஸ்பிரிங்கை மென்மையாக வைத்தாயிற்று. ஆனால் ஸ்பிரிங்குக்குத் தானாக நிற்கத் தெரியாது. ஒருமுறை அமுங்கினால் மேலே போகும், கீழே வரும், மறுபடி மேலே போகும். அதை அடக்குவது ஷாக் அப்சார்பரின் வேலை. பெயரைப் பார்த்து அதிர்ச்சியை வாங்குவதே இதுதான் என்று பலர் நினைக்கிறார்கள். உண்மையில் அதிர்ச்சியை வாங்குவது டயரும் ஸ்பிரிங்கும்தான். ஷாக் அப்சார்பர், ஸ்பிரிங்கில் சேர்ந்துவிட்ட ஆற்றலை வெப்பமாக்கி வெளியேற்றுகிறது. குழாய் நிறைய எண்ணெய், அதற்குள் ஒரு பிஸ்டன், பிஸ்டனில் சிறு துளைகள், துளைகளின் மேல் அடுக்கிய மெல்லிய எஃகு வட்டத் தகடுகள், அவ்வளவுதான். பிஸ்டன் நகரும்போது எண்ணெய் அந்தத் துளைகள் வழியே நெருக்கிக்கொண்டு போக வேண்டும். அந்த நெருக்கடிதான் ஆட்டத்தை அடக்கும் எதிர்ப்பு.

என் பார்வையில் நல்ல காரும் சுமாரான காரும் பிரியும் இடம் இந்தத் தகடுகள்தான். திருப்பத்தில் கார் சாய்வதும், பிரேக் போட்டால் மூக்கு குனிவதும் மெதுவான அசைவுகள். பிஸ்டன் விநாடிக்குச் சில சென்டிமீட்டர்தான் நகரும். பள்ளத்தின் விளிம்பில் சக்கரம் மோதும்போதோ அதே பிஸ்டன் விநாடிக்கு 1 மீட்டர் வேகத்தைக்கூடத் தாண்டும். மெதுவான அசைவுக்கு நல்ல எதிர்ப்பு வேண்டும். இல்லையென்றால் கார் திருப்பத்தில் சட்டென்று ஒரு பக்கம் விழுந்தது போலிருக்கும், மேட்டைத் தாண்டியபின் இரண்டு மூன்று முறை மிதக்கும். வேகமான அசைவுக்கு எதிர்ப்பு அளவோடு இருக்க வேண்டும். இல்லையென்றால் பள்ளத்தின் அடி அப்படியே சீட்டுக்கு வந்துவிடும். வெறும் துளை மட்டும் இருந்தால் நேர்மாறாகத்தான் நடக்கும், ஏனென்றால் துளை வழியே போகும் எண்ணெயின் எதிர்ப்பு வேகத்தின் இருமடிக்கு ஏற்ப ஏறும். தகடுகள் இதை மாற்றுகின்றன. குறைந்த அழுத்தத்தில் மூடியே இருந்து காரின் உடலைப் பிடித்துக்கொள்ளும். அழுத்தம் ஓர் அளவைத் தாண்டியதும் வளைந்து வழிவிடும். எந்தத் தகடு எவ்வளவு தடிமன், எத்தனை அடுக்கு என்று மாற்றி மாற்றிப் போட்டு ஓட்டிப் பார்ப்பதில் பொறியாளர்கள் மாதக்கணக்கில் செலவழிக்கிறார்கள். விளம்பரத் தாளில் இதைப் பற்றி ஒரு வரிகூட இருக்காது. இருக்கைக்கு எத்தனை வண்ணம் என்பது மட்டும் விரிவாக இருக்கும்.

இந்த ஒரு பாகம் சரியாக அமைந்தால் சொகுசும் ஓட்டும் சுகமும் சேர்ந்தே வரும். மேட்டில் ஏறி இறங்கிய கார் ஒரே ஆட்டத்தில் அடங்கினால் பயணிக்குத் தலை ஆடாது. ஓட்டுபவருக்கோ ஸ்டியரிங்கைத் திருப்பியதும் கார் எங்கே போய் நிற்கும் என்பது முன்கூட்டியே தெரிந்துவிடும். அந்தத் தெரிதல்தான் ஓட்டும் சுகத்தில் பாதி.

முன் ஸ்பிரிங்குக்கும் பின் ஸ்பிரிங்குக்கும் உள்ள உறவு இன்னும் சுவாரசியம். 1930களின் தொடக்கம் வரை கார்களில் முன் ஸ்பிரிங் விறைப்பாகவும் பின் ஸ்பிரிங் மென்மையாகவும் இருப்பது வழக்கம். ரோல்ஸ் ராய்ஸில் வேலை பார்த்துவிட்டு அமெரிக்காவில் காடிலாக் கார் நிறுவனத்துக்குப் போன மாரிஸ் ஆலி என்ற ஆங்கிலப் பொறியாளர், ஒரு பெரிய காரின் முன்னும் பின்னும் நகர்த்தக்கூடிய எடைகளைக் கட்டி, அளவுகளை மாற்றி மாற்றி ஓட்டிப் பார்த்தார். அவர் கண்டது வழக்கத்துக்கு நேர் எதிர்: முன்பக்கம் மெதுவாக ஆட வேண்டும், பின்பக்கம் அதைவிட வேகமாக ஆட வேண்டும்.

ஏன் என்பதைக் கணக்குப் போட்டே பார்த்துவிடலாம். முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் இடையே 2.6 மீட்டர் உள்ள ஒரு கார் மணிக்கு 72 கி.மீ. வேகத்தில் ஒரு மேட்டில் ஏறுகிறது. விநாடிக்கு 20 மீட்டர். முன் சக்கரம் மேட்டைத் தொட்டு 0.13 விநாடி கழித்துத்தான் பின் சக்கரம் தொடும். இரண்டு பக்கமும் ஒரே அதிர்வெண்ணில் ஆடினால், அந்த 0.13 விநாடி இடைவெளி கடைசிவரை தீராது. முன்பக்கம் எழும்போது பின்பக்கம் தாழும், கார் ஊஞ்சல் பலகை மாதிரி முன்னும் பின்னும் ஆடும், உட்கார்ந்திருப்பவரின் தலையும் கூடவே போய்வரும். இப்போது முன்பக்கத்தை 1.2 ஹெர்ட்ஸிலும் பின்பக்கத்தை 1.45 ஹெர்ட்ஸிலும் வைப்போம். முன்பக்கம் ஒரு முழு ஆட்டத்தை முடிக்க 0.83 விநாடி ஆகும். பின்பக்கத்துக்கு 0.69 விநாடி. தாமதமாகத் தொடங்கிய 0.13ஐக் கூட்டினால் 0.82. இரண்டும் கிட்டத்தட்ட ஒரே நேரத்தில் முடிகின்றன! முன்பின் ஆட்டம் போய், கார் முழுவதும் மட்டமாக ஒருமுறை எழுந்து இறங்குகிறது. எல்லா வேகத்திலும் இவ்வளவு கச்சிதமாகப் பொருந்தாது, என்றாலும் முன்பக்கத்தைவிடப் பின்பக்கத்தின் அதிர்வெண்ணைக் கூட்டி வைப்பது இன்றும் நடைமுறையில் இருக்கிறது.

பிரான்ஸில் 1948இல் வந்த சித்ரோவன் 2சிவி என்ற சிறிய கார் இதையே வேறு வழியில் செய்தது. உழுத வயலில் ஒரு கூடை முட்டையோடு போனாலும் முட்டை உடையக் கூடாது என்பது அதை வடிவமைத்தவர்களுக்குச் சொல்லப்பட்ட நிபந்தனை. ஒவ்வொரு பக்கத்திலும் முன் சக்கரத்தையும் பின் சக்கரத்தையும் ஒரே ஸ்பிரிங் தொகுப்பால் இணைத்திருந்தார்கள். 375 சிசி இன்ஜின், 9 குதிரைத்திறன், திருப்பத்தில் பயங்கரமாகச் சாயும். ஆனாலும் அதை ஓட்டியவர்களில் பலர் அதன்மேல் பைத்தியமாக இருந்தார்கள். எவ்வளவு சாய்ந்தாலும் அது சாலையை விடாது.

அடுத்தது டயர். இதில்தான் பலர் தெரிந்தே ஏமாறுகிறார்கள். ஒரே காரின் அடிப்படை மாடலில் 205/55 ஆர்16 டயர், உயர்ந்த மாடலில் 225/40 ஆர்18 டயர் என்று இருக்கலாம். முதல் எண் அகலம் மி.மீ.யில். இரண்டாவது, டயரின் பக்கச்சுவர் அந்த அகலத்தில் எத்தனை சதவீதம் என்பது. கணக்குப் போட்டால் 16 அங்குலச் சக்கரத்துக்குப் பக்கச்சுவர் 113 மி.மீ., 18 அங்குலத்துக்கு 90 மி.மீ. வெளிவிட்டம் இரண்டுக்கும் ஏறக்குறைய ஒன்றுதான். அதாவது பார்வைக்குப் பெரிய சக்கரத்துக்காக ஐந்தில் ஒரு பங்கு காற்று மெத்தையைக் கொடுத்துவிடுகிறோம். சிறிய, கூர்மையான மேடுகளை முதலில் விழுங்குவது அந்தக் காற்றுதான். சஸ்பென்ஷன் அதற்குப் பிறகுதான் வேலைக்கு வரும். போதாததற்குப் பெரிய சக்கரங்கள் பொதுவாகக் கனமானவை. சக்கரம் கனத்தால் அது மேடுபள்ளத்தைப் பின்தொடரத் தடுமாறும். மழையில் குண்டும் குழியுமான சாலையில் திரும்பும்போது பிடிப்பும் அதனால் குறையும். இரண்டு அளவும் கிடைத்தால் நான் யோசிக்காமல் சிறியதைச் சொல்வேன். இருக்கிற காரிலேயே சொகுசு குறைந்துவிட்டது என்று தோன்றினால், முதலில் கதவுத் தூணில் ஒட்டியிருக்கும் அளவோடு டயர் காற்றைச் சரிபாருங்கள். அதிகமாகக் காற்றடித்த டயர் எவ்வளவு நல்ல சஸ்பென்ஷனையும் கெடுத்துவிடும்.

உயரமான கார்களுக்கு ஒரு கூடுதல் சிக்கல். எடை மையம் மேலே போகப்போகத் திருப்பத்தில் கார் அதிகமாகச் சாயும். அதைத் தடுக்க ஸ்பிரிங்கை விறைப்பாக்க வேண்டும், அல்லது இடது வலது சக்கரங்களை இணைக்கும் ஆன்டி-ரோல் பார் என்ற கம்பியைத் தடிமனாக்க வேண்டும். அந்தக் கம்பி தடித்தால் ஒரு பக்கச் சக்கரம் பட்ட அடி மறுபக்கத்துக்கும் போகும், தலை பக்கவாட்டில் வெட்டி வெட்டி ஆடும். ஏறி இறங்க முழங்காலுக்குச் சுகம், சாலை நன்றாகத் தெரியும், தண்ணீர் தேங்கிய இடத்தில் தைரியமாகப் போகலாம் என்பதெல்லாம் உண்மைதான். அதற்கான விலை இது. தாழ்வான காருக்கு இந்தச் சண்டையே பாதிதான்.

ஸ்டியரிங் பற்றிக் கொஞ்சம். திரும்பும்போது டயர் சாலையைத் தொடும் பகுதி சற்று முறுக்கிக்கொள்கிறது. பக்கவாட்டு விசை சக்கரத்தின் மையத்துக்குக் கொஞ்சம் பின்னால் செயல்படுகிறது. அதனால் சக்கரம் தானே நேராகப் பார்க்கிறது, அந்த இழுப்பைத்தான் கையில் கனமாக உணர்கிறோம். பிடிப்பு தீர்ந்துபோவதற்குக் கொஞ்சம் முன்பே அந்த விசை மையத்தை நோக்கி நகர்ந்துவிடும், ஸ்டியரிங் லேசாகும். ஈரச் சாலையில் இது உயிர் காக்கும் செய்தி. இப்போது வரும் மின்சார ஸ்டியரிங்குகள் எரிபொருளை மிச்சப்படுத்துகின்றன, ஆனால் மோட்டார் கொடுக்கும் உதவியில் இந்தச் செய்தி சில கார்களில் அமுங்கிப்போகிறது. ‘ஸ்போர்ட்’ பொத்தானை அழுத்தினால் கனம் கூடும். கூடுவது கனம் மட்டும்தான்.

இன்ஜினைப் பற்றி எல்லோரும் பேசுவதால் நான் சுருக்கமாகச் சொல்கிறேன். 1,200 கிலோ எடையுள்ள கார் சமதளத்தில் மணிக்கு 60 கி.மீ. வேகத்தில் சீராகப் போகச் சக்கரத்தில் தேவைப்படுவது ஏறத்தாழ 5 குதிரைத்திறன்தான். மீதி எல்லாம் வேகம் எடுக்கவும் ஏற்றத்தில் ஏறவும் வேண்டும் என்பது சரி, ஆனால் தினசரி ஓட்டத்தில் மொத்தச் சக்தியைவிட முக்கியம், மிதித்ததும் மிதித்த அளவுக்குக் கார் பதில் சொல்கிறதா என்பது. இன்ஜினுக்குள் கூடுதல் காற்றைத் தள்ளும் டர்போ சுழன்று வேகம் பிடிக்கும்வரை ஒன்றும் நடக்காமல், அப்புறம் மொத்தமாக இழுக்கும் கார் நெரிசலில் ஒரு தொல்லை. ஒற்றைக் கிளட்ச் தானியங்கி கியர் மாற்றும்போது இழுவை ஒரு கணம் அறுந்து தலை முன்னே போய்வரும். மனித உடல் முடுக்கத்தைச் சகித்துக்கொள்ளும், முடுக்கம் திடீரென மாறுவதைத்தான் வெறுக்கும்.

சீட்டைப் பற்றி ஓர் எச்சரிக்கை. ஷோரூமில் 5 நிமிடம் உட்கார்ந்து பார்த்து மெத்தென்று இருக்கிறதே என்று மகிழ்ந்துவிடக் கூடாது. மென்மையான நுரையில் இடுப்பு உள்ளே போய்ப் பின்பக்கம் சுழலும், கீழ்முதுகின் இயல்பான வளைவு தட்டையாகும், ஒரு மணி நேரத்தில் வலிக்கத் தொடங்கும். தொடைக்கு நீளமான தாங்கலும் இடுப்புக்கு இருபுறமும் லேசான பிடியும் உள்ள, கொஞ்சம் கெட்டியான சீட் நல்லது. திருப்பத்தில் உடம்பைப் பிடித்துக்கொள்ள ஸ்டியரிங்கையே பற்ற வேண்டியதில்லை என்றால் கையும் துல்லியமாக வேலை செய்யும்.

டெஸ்ட் டிரைவுக்குப் போனால் விற்பனையாளர் காட்டும் வழவழப்பான சாலையை விட்டுவிட்டு, தெரிந்த மோசமான சாலைக்கு ஓட்டுங்கள். பாட்டை நிறுத்தி, ஏசி விசிறியைக் குறைத்துவிடுங்கள். 40 கி.மீ. வேகத்தில் ஒரு நீளமான மேட்டைத் தாண்டி, எத்தனை ஆட்டத்தில் அடங்குகிறது என்று பாருங்கள். ஒரு பக்கச் சக்கரத்தை மட்டும் பள்ளத்தில் இறக்கி, தலை எவ்வளவு வெட்டுகிறது என்று கவனியுங்கள். பிரேக்கை மெல்ல மெல்ல அழுத்தி, முதல் அழுத்தத்திலேயே கவ்வுகிறதா என்று சோதியுங்கள். முடிந்தால் வீட்டில் இரண்டு மூன்று பேரையும் கூட்டிக்கொண்டு போய் அதே சாலையில் இன்னொரு முறை ஓட்டுங்கள். சிறிய கார்களில் நான்கு பேரின் எடை மொத்த எடையில் பெரிய பங்கு என்பதால், அதைத் தாங்கப் பின் ஸ்பிரிங்கை விறைப்பாக வைத்திருப்பார்கள்; தனியாக ஓட்டும்போது தூக்கிப் போட்ட கார் ஆளேறியதும் அடங்கிப்போகலாம், அடங்கியிருந்த கார் மூட்டை முடிச்சோடு அடிமட்டம் தட்டலாம். வாரத்தில் பெரும்பாலான நாள் காரில் எத்தனை பேர் போவீர்கள் என்று எண்ணிப் பார்த்து, அந்த ஓட்டத்துக்கு அதிக மதிப்பெண் கொடுங்கள்.