ட்ரெண்டைத் துரத்தி ஸ்டூடியோவுக்கு வரும் மூத்த ராப்பர்களுக்கு

இந்த மாதத்தில் இவர் மூன்றாவது ஆள். பதினைந்து வருடமாக ராப் பாடுகிறவர். வந்ததும் கைபேசியில் ஒரு இளைஞரின் பாட்டைப் போட்டுக் காட்டி, "குரல் இப்படியே வரணும். இல்லாவிட்டால் பழைய ஆள் என்று ஒதுக்கிவிடுவார்கள்" என்றார். குரல் பதிவும் மிக்ஸிங்கும்தான் என் தொழில். இதைக் கேட்டுக் கேட்டு அலுத்துவிட்டது, வருத்தமாகவும் இருக்கிறது.

ட்ரெண்டை உருவாக்குகிறவர், அதன் பின்னால் ஓடுகிறவர் என்று ராப்பர்களில் இரண்டு வகை உண்டாம். வயது ஏறினால் முதல் வகையிலிருந்து இரண்டாம் வகைக்கு இறங்கியாக வேண்டுமாம். இப்படி எவன் சொல்லிக்கொடுத்தான்?

அமெரிக்க ராப்பர் ஜே-ஸீயையே எடுத்துக்கொள்ளுங்கள். 2018-இல் தன் மனைவி, பாடகி பியான்ஸேயுடன் சேர்ந்து 'எவ்ரிதிங் இஸ் லவ்' ஆல்பம் வெளியிட்டார். அதில் ஒரு பாட்டில் மீகோஸ் என்ற இளைய ராப் குழுவின் குவேவோவும் ஆஃப்செட்டும் ஆட்-லிப் (வரிகளுக்கு நடுவே விழும் கூவல்கள்) கொடுத்திருக்கிறார்கள், ஃப்ளோவும், அதாவது வார்த்தைகள் தாளத்தில் ஓடும் விதமும், அவர்கள் சாயல்தான். "ஐம்பதை நெருங்குகிறவர் சின்னப் பிள்ளைகளைக் காப்பியடித்தார்" என்று இன்னமும் என்னிடம் வந்து சொல்கிறார்கள்.

சரி, அந்த ஃப்ளோ யாருடையது? தாளத்தின் ஒரு தட்டை மூன்றாக உடைப்பது, அவ்வளவுதான். தகிட தகிட என்கிற நம் திஸ்ர நடை. மீகோஸ் 2013-இல் 'வெர்சாச்சி' பாட்டில் அதை எல்லோர் காதுக்கும் கொண்டுபோனார்கள். ஆனால் மெம்ஃபிஸ் நகரத்து த்ரீ சிக்ஸ் மாஃபியா ராப் குழுவினர் தொண்ணூறுகளிலேயே அதில் ஊறியவர்கள். அதற்கும் முன்னால், 1990-இல், ராப்பர் ஜாஸ்-ஓவின் 'தி ஒரிஜினேட்டர்ஸ்' பாட்டில் நாக்கைச் சுழற்றி அசுர வேகத்தில் பாடிய இருபது வயதுப் பையன் யார்? இதே ஜே-ஸீதான். இப்போது சொல்லுங்கள், யார் யாருக்குப் பின்னால் போனார்கள்?

அவர் ட்ரெண்டை நிறுத்தப் பார்த்ததும் உண்டு. 2009-இல், குரலின் சுருதியைத் திருத்தும் மென்பொருளான ஆட்டோட்யூனுக்குச் சாவுமணி அடித்து 'டி.ஓ.ஏ.' (டெத் ஆஃப் ஆட்டோட்யூன்) பாட்டை வெளியிட்டார். அந்தப் பாட்டுக்கு பீட் போட்ட இசைத் தயாரிப்பாளர் நோ ஐ.டி., அதற்கு முந்தைய வருடம் ராப்பர் கான்யே வெஸ்டின் ஆட்டோட்யூன் ஆல்பத்தில் 'ஹார்ட்லெஸ்' பாட்டுக்கு வேலை செய்தவர்! ஆட்டோட்யூன் சாகவில்லை. ஃப்யூச்சர் போன்ற ராப்பர்கள் அதை வைத்தே தங்களுக்கென்று ஒரு குரலை உண்டாக்கிக்கொண்டார்கள். 2017-இல் அதே நோ ஐ.டி.யோடு '4:44' ஆல்பம் செய்தபோது ஜே-ஸீ யாரையும் துரத்தவில்லை, யாரையும் தடுக்கவும் இல்லை. பழைய சோல் பாட்டுத் துண்டுகளின் மேல் தன் குடும்பத்தையும் தவறுகளையும் பணத்தையும் பற்றி நிதானமாகப் பேசினார். இருபது வயதில் அதைப் பேசியிருக்க முடியாது.

ஆக, ஒரே ஆள் சில சமயம் வாங்குகிறார், சில சமயம் கொடுக்கிறார், சில சமயம் கொடுத்ததையே முப்பது வருடம் கழித்துத் திரும்ப வாங்குகிறார். வாங்கியது அவர் வாயில் பொருந்துகிறதா என்பது மட்டும்தான் மைக்குக்கு முன்னால் தெரியும்.

அதனால் சில விஷயம். அடுத்தவர் பாட்டை ரெஃபரன்ஸாகக் கொண்டுவாருங்கள், அச்சாகக் கொண்டுவராதீர்கள். அவர் குரலுக்குப் போட்ட செட்டிங் உங்கள் தொண்டைக்குச் சேராது. ஆட்டோட்யூன் வேண்டுமென்றால் பாடும்போதே ஹெட்ஃபோனில் கேட்டுக்கொண்டு பாடுங்கள். ஸ்வரத்தை எங்கே வளைப்பது என்று அப்போதுதான் பிடிபடும். வெறுமனே பேசிவிட்டுப் போய், அப்புறம் என் தலையில் கட்டாதீர்கள். திஸ்ர நடையில் மூச்சுவிட இடம் குறைவு, ஆகவே மூச்சுக்கு இடம்விட்டு வரிகளை எழுதுங்கள். பதினெட்டு வயதுக் குரலுக்காகத் தொண்டையை இறுக்கிக் கத்தவே கத்தாதீர்கள். தயவுசெய்து. கட்டிய குரலை எந்த மென்பொருளாலும் திருப்பித் தர முடியாது.

அன்று வந்தவர் மைக் லெவல் பார்ப்பதற்காகத் தன் பழைய வரிகள் எட்டை அலட்சியமாகச் சொன்னார். அதன்பிறகு மூன்று மணி நேரம் பாடியது எதிலும் அந்த எடை இல்லை. அந்த எட்டு வரியை நான் அழிக்கவில்லை. அடுத்த முறை வரும்போது முதலில் அதைத்தான் போட்டுக் காட்டப் போகிறேன்.