பார்வோன்: அரசனாகிவிட்ட பெரிய வீடு

எகிப்து என்றதும் பிரமிடுக்கு அடுத்தபடியாக நாவில் வரும் சொல் பாரோ. பாடநூல்களில் பாரோ, வேதாகமத்தில் பார்வோன், தமிழ் முஸ்லிம்களின் வழக்கில் ஃபிர்அவ்ன். மூன்றும் ஒரே சொல்தான். பிறந்த காலத்தில் அது எந்த மனிதரையும் குறிக்கவில்லை; ஒரு கட்டடத்தைக் குறித்தது.

பண்டை எகிப்திய மொழியில் 'பெர்' என்றால் வீடு, 'ஆ' என்றால் பெரிய. அம்மொழியில் அடைமொழி பெயருக்குப் பின்னால் வரும். அதனால் 'பெர்-ஆ' என்பது பெரிய வீடு, அதாவது அரண்மனை. சித்திர எழுத்தில் வீட்டைக் காட்ட, மேலிருந்து பார்த்த அறையின் வரைபடம் போல ஒரு நீள்சதுரம் போட்டு, கீழ்ப்பக்கம் வாசலுக்கு இடைவெளி விட்டிருப்பார்கள். 'பெரிய' என்பதற்குக் கிடையாகக் கிடக்கும் ஒரு தூண். உயிரொலிகளை அவர்கள் எழுதுவதில்லை. எனவே 'பெர்-ஆ' என்று நாம் சொல்வதுகூட ஆய்வாளர்கள் வாசிப்பு வசதிக்காக வைத்துக்கொண்ட உச்சரிப்புதான்.

'பெர்' என்று கேட்டதுமே 'பெரு', 'பேர்' என்று தமிழ் வேரைத் தேடி ஓடுகிறவர்கள் ஒரு நிமிடம் நிற்க வேண்டும். அந்தச் சொல்லில் பெருமை இருப்பது 'ஆ'வில். 'பெர்' வெறும் வீடு. ஒலி ஒத்துப்போகிற பாதியில் பொருள் ஒத்துப்போகவில்லை. 'பாரை ஆள்வோன் பார்வோன்' என்பதும் இதே வகை. கேட்க இனிமை, அதற்கு மேல் ஒன்றுமில்லை.

பெரிய பிரமிடைக் கட்டிய கூஃபு, கி.மு. 26ஆம் நூற்றாண்டு அரசன். அவனை அவன் காலத்தில் யாரும் பாரோ என்று அழைத்திருக்க முடியாது. அப்போது 'பெர்-ஆ' அரண்மனையும் அதைச் சார்ந்த நிர்வாகமும் மட்டுமே. அரசனுக்கான முறைப்படியான பட்டங்கள் வேறு. அவற்றுள் முக்கியமானது 'நெசு-பிட்டி': கோரைக்கும் தேனீக்கும் உரியவன். கோரை மேல் எகிப்தின் (தெற்குப் பகுதி) சின்னம், தேனீ கீழ் எகிப்தின் (வடக்குப் பகுதி) சின்னம். இரண்டையும் சேர்த்து ஆள்பவன் என்று பொருள்.

அரண்மனையை எழுத்தில் குறிப்பிடும்போது 'உயிரோடு, வளத்தோடு, நலத்தோடு இருக்கட்டும்' என்ற வாழ்த்தையும் சேர்த்து எழுதும் வழக்கம் பிறகு வந்தது. செங்கல் வீட்டுக்கு எதற்கு நீண்ட ஆயுள்? வாழ்த்து உள்ளே இருப்பவருக்குத்தான். சொல் கட்டடத்தை விட்டு ஆள்மீது நகரத் தொடங்கிவிட்டது இங்கே தெரிகிறது. பதினெட்டாம் அரச மரபில், கி.மு. 15ஆம் நூற்றாண்டில் மூன்றாம் துத்மோஸ் காலத்தை ஒட்டி, அது அரசனையே குறிக்கலாயிற்று. அடுத்த நூற்றாண்டில் அகநாதனுக்கு (அக்கெனாத்தென்) எழுதிய ஒரு கடிதம் அவனை இச்சொல்லாலேயே விளிக்கிறது. அப்போதும் சொல் தனியாகத்தான் நின்றது. இன்னார் என்ற பெயரோடு அதை ஒட்டி எழுதியதற்குக் கிடைக்கும் முதல் சான்று கி.மு. 10ஆம் நூற்றாண்டில், சியாமூன் என்ற அரசனுக்கு.

வேதாகமத்திலும் இதே வரிசை இருப்பது வியப்பு. யோசேப்பு, மோசே கதைகளில் வருகிறவன் வெறும் பார்வோன். அவன் பெயர் என்ன என்று எங்கும் இல்லை. காலத்தால் பிந்திய அரசனைச் சொல்லும்போதுதான் 'பார்வோன் நேகோ' என்று பெயரும் வருகிறது. குர்ஆனில் ஒரு நுட்பம்: யூசுஃப் (யோசேப்பு) காலத்து எகிப்திய ஆட்சியாளரை 'மலிக்', அதாவது அரசர் என்றே சொல்கிறது. ஃபிர்அவ்ன் என்ற சொல் மூஸா (மோசே) நபியின் காலத்தவனுக்கு வருகிறது.

எபிரேயத்தில் 'பர்ஓ', கிரேக்கத்தில் 'ஃபராவோ' என்று ஊர் ஊராகப் போன சொல், போன இடமெல்லாம் கொஞ்சம் குழப்பமும் செய்தது. அசீரியர் கல்வெட்டு ஒன்று 'பிர்உ, எகிப்தின் அரசன்' என்கிறது. பட்டத்தையே ஆளின் பெயராக எண்ணிவிட்டார்கள். சொந்த வீட்டிலும் அதற்குப் பாதுகாப்பில்லை. எகிப்திய மொழியின் கடைசி வடிவமான காப்டிக்கில், முதலில் நிற்கும் 'ப்' என்பதை, பெயருக்கு முன் வரும் சுட்டு (ஆங்கில 'the' போன்றது) என்று கருதி வெட்டிவிட்டார்கள். மிஞ்சிய 'எர்ரோ' அரசன் என்ற பொருளில் வழங்கியது. வீட்டைக் குறித்த மெய்யெழுத்திலேயே பாதி போய்விட்டது!

இனி, தமிழில் என்ன சொல்வது? சொல்லுக்குச் சொல் பெயர்த்தால் 'பெருமனை'. இடத்தைச் சொல்லி ஆளைக் குறிப்பது நமக்குப் புதிதல்ல. 'வீட்டில் கேட்டுச் சொல்கிறேன்' என்பவர் சுவரிடம் கேட்கப்போவதில்லை. கட்சிக்காரர்களின் 'மேலிடம்' எந்த மாடியிலும் இல்லை. ஆனாலும் 'எகிப்தின் பெருமனை இரண்டாம் ராம்செஸ்' என்று எழுதினால் படிப்பவர் கோட்டையைத் தேடுவார். விளக்கத்துக்குப் பெருமனை நல்ல சொல், வழக்குக்கு ஆகாது. நம் 'கோயில்' எதிர்த் திசையில் போன உறவினர்: கோ இருக்கும் இல். சிலப்பதிகாரத்தில் அது அரண்மனையையும் குறிக்கும். எகிப்தில் வீடு அரசனாயிற்று. இங்கே அரசன் வீடு தெய்வத்தின் வீடாயிற்று.

என் தேர்வு பார்வோன்தான். நெடுங்காலமாகத் தமிழ் எழுத்தில் புழங்கி, தமிழ் ஒலிக்கு வளைந்துகொடுத்த வடிவம் அது. 'பாரோ' ஆங்கில உச்சரிப்பு வழியாக வந்தது. தவறில்லை, ஆனால் 'யாரையோ பார்க்கச் சொல்லும்' ஏவல்போல ஒலிப்பது எனக்கு உறுத்தும். 'பாரோ மன்னர்' என்று இரட்டிப்பது தேவையில்லை. இரண்டில் ஒன்று போதும். கூஃபுவைப் பற்றி எழுதும்போது மன்னன் என்பதே காலத்துக்குப் பொருந்தும்.

பார்வோனில் ஒரே சிக்கல், 'ஓன்' என்று முடிவதால் ஆண்பால் போல ஒலிக்கிறது. கி.மு. 15ஆம் நூற்றாண்டில் ஏறத்தாழ இருபதாண்டு ஆண்ட ஹட்செப்சுட் பெண். அவருக்காகப் 'பார்வோள்' என்று புதிதாக ஒன்றைக் கட்ட வேண்டாம். 'பெண் பார்வோன் ஹட்செப்சுட்' என்றே எழுதலாம். எகிப்தியச் சிற்பிகள் அவருக்கு அரசர்களுக்குரிய பொய்த்தாடியையே வைத்துச் செதுக்கியிருக்கிறார்கள்.